சேலத்தில் அரை நாள் நடை: கோட்டையா, செவ்வாய்ப்பேட்டையா, அம்மாப்பேட்டையா?

கல்யாணத்துக்கோ கிரகப்பிரவேசத்துக்கோ சேலம் வந்து இறங்கும் வெளியூர் உறவினர், பந்தியில் சாப்பிட்டு எழுந்த கையோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார்: ரயிலுக்கு இன்னும் ஐந்தாறு மணி நேரம் இருக்கிறது, பழைய ஊர்ப்பக்கம் நடந்து பார்க்க ஏதாவது உண்டா? எங்கள் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் இதற்குச் சொல்லும் பதிலும் மாறுவதே இல்லை. “இங்க என்னங்க இருக்குது, ஒரு எட்டு ஏற்காடு போயிட்டு வந்துடுங்க” என்று சொல்லிவிட்டு ஒரு வாடகைக் காரின் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு, வந்தவர்களை நானே அழைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கி, சில முறை நன்றாக அமைந்தும் சில முறை சொதப்பியும் கிடைத்த அனுபவத்தில், எந்த விருந்தினருக்கு எந்தப் பேட்டை பொருந்தும் என்பதைப் பற்றி எனக்கென்று ஓர் அபிப்பிராயம் உருவாகியிருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மதுரையைப் போல ஒரு கோவிலைச் சுற்றி நான்கு மாடவீதிகளாக விரிந்த ஊரன்று சேலம். தஞ்சாவூரைப் போல அரண்மனையும் பெரிய கோவிலும் கண்ணில் பட்டவுடனேயே தன் வயதைச் சொல்லிவிடுகிற ஊருமன்று. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் திருமணிமுத்தாற்றின் கரையில் ஒரு கோட்டையும், அதற்கு மேற்கே செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற ஒரு பேட்டையும், கிழக்கே தறிக்காரர்களின் அம்மாப்பேட்டையும், தெற்கே குகையுமாகத் தனித்தனி ஊர்கள் வளர்ந்து ஒட்டிக்கொண்டதுதான் இன்றைய மாநகரம். 1866-இல் நகராட்சியாகவும் 1994-இல் மாநகராட்சியாகவும் ஆனபோதும் பேட்டைகள் தங்கள் குணத்தை விட்டுவிடவில்லை. ஆகவே, இங்கே ‘பழைய நகரம்’ என்று ஒரே இடத்தைக் காட்ட முடியாது. மூன்று இடங்கள் உள்ளன, அரை நாளில் ஒன்றைத்தான், மிஞ்சிப் போனால் ஒன்றரையைத்தான், ஒழுங்காக நடந்து பார்க்க முடியும். மூன்றையும் தொட்டுவிட்டு வருவோம் என்று ஆட்டோ பிடிப்பவர்கள் கடைசியில் பார்ப்பது ஆட்டோக்காரரின் முதுகையும் போக்குவரத்து நெரிசலையும்தான்.

ஏற்காட்டைப் பற்றி இங்கேயே பேசி முடித்துவிடலாம். அது மோசமான யோசனையன்று. வேறு வகையான யோசனை. 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போனால், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்த மலையையும், இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு அடித்தளமிட்ட ராபர்ட் புரூஸ் ஃபூட் தம் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஊரையும், அவர் நினைவைத் தாங்கி நிற்கும் ஹோலி டிரினிடி தேவாலயத்தையும் பார்க்கலாம். பல்லாவரத்தில் 1863-இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த மனிதர் இங்கே குடியிருந்தார் என்பது ஏரியில் படகு விடுபவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! ஆனால் ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைக் கழித்தால் அரை நாளில் மேலே நடப்பதற்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஒரு முழு நாள் கையில் இருந்தால் ஏற்காடு. இரவு ரயில் காத்திருந்தால் ஊருக்குள்ளேயே இருந்துவிடுவது நல்லது.

இனி மூன்று பேட்டைகளுக்கு வருவோம். கோட்டை என்ற பெயரைக் கேட்டு வருபவர் முதலில் அடைவது ஏமாற்றம். வேலூரைப் போல அகழியும் மதிலும் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்த என் நண்பர் ஒருவர், பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் இறங்கி, “கோட்டை எங்கே?” என்று கேட்டபோது, “நாம் நிற்பதே கோட்டையில்தான்” என்று நான் சொன்னதை அவர் கேலி என்று எடுத்துக்கொண்டார். அது கேலியன்று. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் 1792-இல் விட்டுக்கொடுத்த பகுதிகளோடு சேலமும் ஆங்கிலேயர் கைக்குப் போய், கேப்டன் அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டராகவும் பின்னாளில் பெயர் பெற்ற தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளராகவும் அமர்ந்து நிலத்தை அளந்து வரி விதிக்கத் தொடங்கிய பிறகு, கோட்டையின் படைக் காவல் தேவை குறைந்துகொண்டே போனது. மதில் மறைந்து இடப்பெயர் மட்டும் தங்கிவிட்டது. கோட்டை மாரியம்மன், கோட்டைப் பெருமாள், கோட்டைத் தெரு என்று எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைச் சுமக்க வேண்டிய சுவர்தான் இல்லை.

ஆனாலும் கோட்டைப் பகுதிக்கு ஒரு பெரிய வசதி உண்டு: பார்க்க வேண்டியவை எல்லாம் பத்துப் பதினைந்து நிமிட நடைக்குள் அடங்கிவிடுகின்றன. சுகவனேஸ்வரர் கோவிலில் தொடங்கலாம். கிளியாகி வந்து சுகமுனிவர் வழிபட்ட வனம் என்பது தலபுராணம். அருணகிரிநாதர் பாடிய தலம் என்பதால் திருப்புகழ் அன்பர்கள் தேடி வருவார்கள். சற்றே சாய்ந்து தெரியும் லிங்கத் திருமேனியைக் காட்டி, புற்றின்மேல் இருந்த கிளிகளை விரட்ட வேடன் வெட்டியதால் வந்த வடு என்று யாரேனும் ஒரு பெரியவர் கதை சொல்லாமல் விடமாட்டார். அங்கிருந்து அழகிரிநாதர் கோவில், அதாவது ஊர் வழக்கில் கோட்டைப் பெருமாள். வைகுண்ட ஏகாதசியன்று இந்தப் பக்கம் கால் வைக்க முடியாது. ஆற்றங்கரையில் கோட்டை மாரியம்மன். சேலத்துப் பேட்டைகளின் மாரியம்மன்களுக்கெல்லாம் தலைவி இவள்தான் என்பது ஊர் நம்பிக்கை. ஆடியில் இங்கே பூச்சாட்டிய பிறகுதான் நகரமே திருவிழாவுக்குள் நுழைகிறது. கரையையொட்டியே, திப்பு சுல்தான் காலத்தது என்று சொல்லப்படும் ஜாமியா மசூதியும் நிற்கிறது. மாரியம்மன் கோவில் மணியும் மசூதியின் பாங்கும் ஒரே அந்திப்பொழுதில் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழுவது கோட்டை நடையில் எனக்குப் பிடித்த தருணம்.

பிடிக்காததையும் சொல்லத்தான் வேண்டும். முத்து விளைந்த ஆறு என்று பெயர்க்காரணம் சொல்லி விருந்தினரைப் பாலத்தின்மேல் நிறுத்தினால், அவர் முதலில் செய்வது கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்வது. கரைகளைக் கட்டியிருக்கிறார்கள், சீரமைத்திருக்கிறார்கள்; ஆனால் மழைக்காலத்தில் வெள்ளம் புரளும் சில நாட்களைத் தவிர, அதில் ஓடுவது ஊரின் கழிவுதான். ஆற்றைக் காட்டாமல் கோட்டையைக் காட்ட முடியாது என்பதால், நான் இப்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போகிறேன்.

கோட்டையைத் தேர்ந்தெடுப்பவர் மறக்கக் கூடாதது கோவில் நடை. நண்பகலில் சாத்திவிட்டு மாலை 4 மணிக்கு மேல்தான் பொதுவாகத் திறப்பார்கள். கல்யாணச் சாப்பாடு முடிந்து ஒரு மணிக்குக் கிளம்பி வருபவர், சாத்திய கதவுகளையும் கொதிக்கும் கல் தரையையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆகவே கோட்டை என்பது மாலை நடை. அதிலும் அதற்கு ஒரு தொடர்ச்சி இருப்பதால்தான் மாலை பொருத்தமாகிறது: கோட்டையிலிருந்து தேர்முட்டிப் பக்கம் ராஜகணபதியைக் கும்பிட்டுவிட்டு, முதல் அக்ரகாரம், இரண்டாம் அக்ரகாரம், பட்டைக்கோவில், சின்னக்கடை வீதி என்று கடைத்தெருவுக்குள் இறங்கிவிடலாம். அக்ரகாரம் என்பது பெயரில்தான் இருக்கிறது; துணி, பாத்திரம், வளையல், வெள்ளி என்று இரண்டு பக்கமும் கடைகள். பழைய வீட்டின் முகப்பு ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், விளம்பரப் பலகைகளுக்கு மேலே, முதல் மாடி உயரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். அங்கேதான் மரச்சட்டம் போட்ட ஜன்னலும், சுண்ணாம்புப் பூச்சில் வார்த்த பூ வேலையும் ஒன்றிரண்டு தப்பியிருக்கின்றன. அப்படி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால் இருசக்கர வண்டி இடித்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இந்தத் தெருக்களில் நடைபாதை என்று ஒன்றைத் தேடுவது வீண்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தெருமுனைகளில் தட்டுவடை செட் வண்டிகள் வந்து நிற்கும். உள்ளங்கையைவிடச் சிறிய மொறுமொறுப்பான தட்டுவடை ஒன்றை வைத்து, அதன்மேல் காரச் சட்னியையும் மல்லி புதினாச் சட்னியையும் விரலால் தடவி, துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் நறுக்கிய வெங்காயமும் ஒரு கொத்து வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடிக் கொடுப்பார்கள். முழுதாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்துத் தின்ன முயன்றால் பாதி சட்டையில் விழும். அதே சாமான்களை நொறுக்கிக் கலந்தால் அது நொறுக்கல். வேறு ஊரில் இது கிடைக்காது என்று சேலத்துக்காரர்கள் சத்தியம் செய்வார்கள்; கிடைக்கிறது, ஆனால் அந்த வேகம் கிடைப்பதில்லை. ஒரு அண்ணன் எட்டுத் தட்டுவடைகளை வரிசையாகப் பரப்பிச் சட்னி தடவி முடிப்பதை நான் நின்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். மூச்சை இழுத்து விடுவதற்குள் முடித்துவிட்டார்.

செவ்வாய்ப்பேட்டைக்கு எதிர்மாறான கணக்கு. அங்கே ‘இதோ, இதுதான்’ என்று விரல் நீட்டிக் காட்டத்தக்க பெரிய கட்டடம் எதுவும் இல்லை. மாரியம்மன் கோவில் இருக்கிறது, வேறு கோவில்களும் மசூதிகளும் இருக்கின்றன. 1882-இல் நடந்த கலவரம் வரலாற்று நூல்களில் ஏறியதும் இந்தப் பேட்டையால்தான். அந்த வழக்கில் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் வாதாடி விடுதலையான நகர்மன்ற உறுப்பினர் சேலம் விஜயராகவாச்சாரியார், பின்னாளில் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கும் அளவுக்கு உயர்ந்தார். ஆனால் அதற்கெல்லாம் அங்கே கல்வெட்டு தேடக் கூடாது. செவ்வாய்ப்பேட்டையில் பழமை என்பது கட்டடத்தில் இல்லை, செய்யும் தொழிலில் இருக்கிறது. சந்தையால் பிறந்த இடம் இன்றும் சந்தையாகவே இருக்கிறது. பழைய நகரங்கள் பலவற்றில் கட்டடம் நின்று தொழில் போய்விட்டது, இங்கே கட்டடத்தை இடித்து இடித்துக் கட்டியும் தொழில் போகவில்லை.

லீ பஜாரில் காலை ஏழரை மணிக்கு நுழைந்து பாருங்கள். லாரிகள் பின்பக்கமாக நகர்ந்து வந்து மண்டி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். தலையில் துண்டைச் சுருட்டி வைத்த சுமைதூக்கும் தொழிலாளர்கள், மூட்டைக்கும் மூட்டைக்கும் இடையில் விடுகிற ஒரு முழ இடைவெளிக்குள் ஆளைத் தள்ளாமல் நுழைந்து போவார்கள். “வழி, வழி” என்ற குரல் பின்னாலிருந்து வந்தால் திரும்பிப் பார்க்கக் கூடாது, சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். புதிதாக வருபவருக்கு நான் சொல்லித் தரும் முதல் பாடம் அது. புளி, மிளகாய், பருப்பு, மஞ்சள் என்று பத்தடிக்கு ஒரு வாசனை மாறும். மிளகாய் மண்டியைத் தாண்டும்போது வரும் தும்மலை வைத்தே வெளியூர்க்காரரைக் கண்டுபிடித்துவிடலாம்.

அதைவிடச் செறிவான இடம் வெல்ல மண்டி. ஓமலூர், காமலாபுரம், காடையாம்பட்டிப் பக்கத்துக் கரும்பாலைகளிலிருந்து வரும் உருண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் இங்கே ஏலத்துக்கு வருகின்றன. கணக்கு கிலோவில் இல்லை, சிப்பத்தில். ஒரு சிப்பம் 30 கிலோ. நான் ஒருமுறை என் மைத்துனரோடு நின்று பார்த்தபோது, ஒரு வியாபாரி சிப்பத்திலிருந்து ஓர் உருண்டையை எடுத்து, உடைத்து, உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்து, ஒன்றும் பேசாமல் திரும்பக் கூடைக்குள் போட்டார். விற்க வந்த விவசாயியின் முகம் அந்த ஒரு நிமிடத்தில் பட்ட பாட்டைப் பார்த்த மைத்துனர், “பரீட்சை ரிசல்ட் மாதிரி இருக்குதுங்களே” என்றார். தை மாதத்துக்கு முந்தைய வாரங்களில் வரத்தும் விலையும் ஏறி, இடமே கொதிநிலையில் இருக்கும். பளிச்சென்ற மஞ்சள் நிறத்தைப் பார்த்து வெல்லம் வாங்கிவிடாதீர்கள் என்பது மட்டும் விருந்தினருக்கு என் இலவச ஆலோசனை. சர்க்கரையும் ரசாயனமும் கலக்கிறார்கள் என்று உணவுப் பாதுகாப்புத் துறையினர் அடிக்கடி சோதனைக்கு வருவது அந்த நிறத்துக்காகத்தான். சற்றே கறுத்த, ஒட்டுகிற உருண்டைதான் வீட்டுக்கு ஏற்றது.

செவ்வாய்ப்பேட்டையின் இன்னொரு முகம் வெள்ளி. சேலத்துக் கொலுசு இந்தியா முழுக்கப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்; அது ஒரு பெரிய ஆலையில் உருவாவதில்லை, செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டி, பனங்காடு, சிவதாபுரம் என்று சிதறிக் கிடக்கும் சிறு பட்டறைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் உருவாகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒருவர் வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுப்பார். இன்னொரு வீட்டில் கம்பியை வளையமாக்கிக் கோப்பார்கள். வேறொரு இடத்தில் பற்றவைப்பு. பிறகு சலங்கை வைப்பது, பிறகு மெருகு. ஒரு ஜோடிக் கொலுசு கடைக்கு வருவதற்குமுன் நான்கைந்து தெருக்களை நடந்தே கடந்திருக்கும். ஒரு சந்தில், கதவோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, மடியில் வெள்ளைத் துணியை விரித்து, மிளகைவிடச் சிறிய வளையங்களைச் சாமணத்தால் எடுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். ஒன்று தவறி வாசலில் விழ, பேச்சை நிறுத்திவிட்டு, அது கிடைக்கும்வரை அவரும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் தரையைத் தடவினார்கள். பட்டறையைப் பெருக்கிய குப்பையைக்கூட இங்கே வீசிவிடுவதில்லை. அதிலிருந்தும் வெள்ளி எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

கொலுசு வாங்கும் எண்ணத்தோடு வருபவருக்கு ஒரு சொல் தெரிந்திருந்தால் போதும்: டச். வெள்ளியின் தரத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். எத்தனை டச், சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டால், எதிரில் இருப்பவர் உங்களை ஊர்க்காரராக எண்ணி நிமிர்ந்து உட்கார்வார். பட்டறைக்குள் எட்டிப் பார்ப்பதற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள். கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தால் கோபிப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. திருட்டுப் பயம் உள்ள தொழில் அது.

இந்தப் பேட்டையின் பலவீனம் நாள்காட்டி. திருச்சியிலிருந்து வந்த என் அத்தை மகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை, யோசிக்காமல், செவ்வாய்ப்பேட்டைக்கு அழைத்துப் போனேன். மண்டிகள் அடைத்திருந்தன, பட்டறைகளில் பாதி பூட்டியிருந்தன. தெருவில் நாய்களும் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளும் மட்டுமே. அரை மணி நேரம் நடந்த பிறகு அவன் நின்று, “ஏன் மாப்ளே, பூட்டுக் கண்காட்சி பார்க்கவா கூட்டிட்டு வந்தே?” என்று கேட்டான். இன்றும் எந்த விசேஷத்தில் சந்தித்தாலும் அந்தப் பூட்டுக் கண்காட்சியை எடுக்காமல் விடமாட்டான். கோட்டைக்கு எந்த நாளும் நல்ல நாள், ஞாயிறும் உட்பட. செவ்வாய்ப்பேட்டைக்கு வேலை நாளின் காலை மட்டுமே நல்ல நேரம். பதினோரு மணிக்கு மேல் லாரிகளின் நெரிசலும் வெயிலும் சேர்ந்துகொள்ளும். சித்திரை, வைகாசியில் ஒன்பது மணிக்கே வியர்த்து ஊற்றும்.

மூன்றாவதான அம்மாப்பேட்டையைப் பற்றி எனக்கே இரண்டு மனம். நான் பிறந்து வளர்ந்த பேட்டை என்பதால் பரிந்து பேசத் தோன்றுகிறது. விருந்தினரின் இடத்திலிருந்து பார்த்தால் தயக்கம் வருகிறது. தறியின் ஊர் அது. செங்குந்தரும் சௌராஷ்டிரரும் நெய்து வளர்த்த தெருக்களில் ஒரு காலத்தில் விடியற்காலையில் தெரு நெடுகப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், விரித்துக் கஞ்சி போட்டு ஓட்டுவார்கள். அதற்கென்று பொதுவில் விட்ட திறந்தவெளிக்குப் பாவடி என்று பெயர். இன்று பாவடிகளில் பலவற்றில் கட்டடம் எழும்பிவிட்டது. ஊரில் பள்ளிக்கூடங்கள் ‘பாவடி’ என்ற பெயரைத் தாங்கி நிற்பதை வெளியூர்க்காரர்கள் படித்துவிட்டு, ஏதோ ஆளின் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். குண்டஞ்சு வேட்டியால் பெயர் வாங்கிய சேலம், வெண்பட்டு வேட்டிக்காகப் புவிசார் குறியீடும் பெற்றது; ஆனால் கைத்தறி குறைந்து, தெருவில் கேட்பது பெரும்பாலும் விசைத்தறியின் சத்தம்தான்.

சிக்கல் என்னவென்றால், தறி வீட்டுக்குள் இருக்கிறது. கோட்டையில் கோவில் எல்லோருக்கும் திறந்திருக்கும். செவ்வாய்ப்பேட்டையில் மண்டி தெருவுக்குத் திறந்திருக்கும். அம்மாப்பேட்டையில் நீங்கள் பார்க்க விரும்பும் பொருள் ஒரு குடும்பத்தின் நடுக்கூடத்தில், தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முன்னால் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் முன்னே போய், “அக்கா, ஊர்ல இருந்து வந்திருக்காங்க, தறி பார்க்கணுமாம்” என்று சொல்லாமல், முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பது எனக்கு உவப்பில்லை. அப்படித் தெரிந்தவர் இருந்தால் நிலைமை தலைகீழ்: மூன்று பேட்டைகளிலும் மறக்க முடியாத ஒரு மணி நேரம் இங்கேதான் கிடைக்கும். குறுக்கு நூலைச் சுமந்து நாடா ஓடும் வேகத்தையும், பட்டு இழை அறுந்தால் அதை எச்சில் தொட்டு முறுக்கி இணைக்கும் விரலையும் ஒரு முழம் தூரத்தில் பார்த்தவர், பிறகு கடையில் வேட்டி விலையைக் குறைத்துக் கேட்கக் கூசுவார். அமாவாசையன்று தறி ஓடாத வீடுகள் உண்டு. போகும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

குகையைத் தனியே எடுத்துப் பேசவில்லை. அதுவும் தறிப் பேட்டைதான், இதே நிபந்தனைகள்தான். ஒரே ஒரு விதிவிலக்கு ஆடி மாதம். வண்டி வேடிக்கை நடக்கும் இரவில், அலங்கரித்த வண்டிகளில் கடவுளர் வேடமிட்டவர்கள் அசையாமல் உட்கார்ந்து ஊர்வலம் வர, தெருவின் இரண்டு பக்கமும் மாடிகளும் மதில்களும் மனிதர்களால் நிறைந்திருக்கும். அன்று உங்களுக்குச் சேலத்தில் வேலை இருந்தால், நான் இதுவரை சொன்ன ஒப்பீட்டை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுக் குகைக்குப் போய்விடுங்கள். ஒரு திண்ணையில் இடம் பிடிக்க மாலையிலேயே போக வேண்டும்.

தனியாக நடப்பதா, உள்ளூர்க்காரரோடா, ஆட்டோ அமர்த்திக்கொண்டா என்பதும் இடத்தைப் பொறுத்தே மாறுகிறது. கோட்டைக்குத் துணை வேண்டாம். யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள், தவறினாலும் நான்கு நிமிடத்தில் ஆற்றுப் பாலமோ பேருந்து நிலையமோ கண்ணில் பட்டுவிடும். செவ்வாய்ப்பேட்டையில் தனியாகவும் நடக்கலாம், ஆனால் வியாபாரம் அறிந்த ஒருவர் கூட இருந்தால் கண்ணுக்குத் தெரிவது இரண்டு மடங்காகும். அம்மாப்பேட்டைக்குத் துணை இல்லாமல் போகவே வேண்டாம். ஆட்டோவை ஒரு நடைக்கு அமர்த்திக்கொண்டு காத்திருக்கச் சொல்வதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஒருமுறை அப்படி அமர்த்திய வண்டிக்காரர், நாங்கள் சொன்ன தெருவில் வண்டி போகாது என்று சாதித்து, தமக்குத் தெரிந்த ஒரு துணிக்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அங்கே எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் மின்விசிறிக் காற்று.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு வருபவர்கள் யோசிக்கவே வேண்டாம், கோட்டைதான். கோவிலுக்குக் கோவில் உட்கார இடமும் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும். சிறு பிள்ளைகளை லீ பஜாருக்கு அழைத்துப் போவதை நான் தவிர்ப்பேன். மூட்டை சுமப்பவர்களுக்கும் இடைஞ்சல், பிள்ளைகளுக்கும் ஆபத்து. கல்லூரி வயதுப் பிள்ளைகளோ, எதையாவது உற்றுப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களோ வந்தால், கோட்டையைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. அழகான கோவில்களை அவர்கள் தங்கள் ஊரிலேயே பார்த்திருப்பார்கள். ஏலத்தில் ஒரு சிப்பம் வெல்லம் கைமாறுவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வேலை நாள் காலையில் செவ்வாய்ப்பேட்டை என்றுதான் சொல்வேன். என் சொந்தப் பேட்டையை விட்டுக்கொடுத்துச் சொல்கிறேன் என்பதால் அதைக் கொஞ்சம் நம்பலாம்.

கடைசியில் ரயில் நேரமும் ஒரு தீர்ப்புச் சொல்லும். ஜங்ஷன் இருப்பது ஊருக்கு மேற்கே சூரமங்கலத்தில். கோட்டையிலிருந்து அங்கே போக, மாலை நெரிசலில், முக்கால் மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். செவ்வாய்ப்பேட்டை ஜங்ஷனுக்கும் கோட்டைக்கும் இடையில் கிடக்கிறது. ஆகவே, பகல் ரயிலுக்குப் போகிறவர் பெட்டியை ஜங்ஷனில் வைத்துவிட்டுக் காலையில் செவ்வாய்ப்பேட்டையைப் பார்த்துவிட்டு நிதானமாகத் திரும்பலாம். இரவு ரயில்காரருக்கு நாலரை மணிக்குக் கோட்டை, ஆறரைக்கு அக்ரகாரம், ஏழரைக்குத் தட்டுவடை செட், எட்டு மணிக்குப் பேருந்து. சென்ற மாதம் கும்பகோணத்திலிருந்து வந்த சித்தி, நான் போட்டுக்கொடுத்த இந்த இரண்டாவது கணக்கைக் கேட்டுக்கொண்ட பிறகும், காலையிலேயே செவ்வாய்ப்பேட்டைக்குக் கிளம்பிவிட்டார். ஜங்ஷனில் வழியனுப்பப் போனபோது பையில் மூன்று கிலோ கறுத்த வெல்லமும், பேத்திக்கு ஒரு ஜோடிக் கொலுசும் இருந்தன. எத்தனை டச் என்று கேட்டீர்களா என்றேன். “அதைக் கேட்டதாலதாண்டா நூறு ரூபாய் குறைச்சான்” என்றார்.